மழைமானி எண் இரண்டு

எங்கள் கல்லூரி அறிவிப்புப் பலகையில்
குண்டூசிகள் ஜூன் மாதமே துருப்பிடித்துவிடும்.
துரு தாளில் இறங்கி
கடைசித் தேதிகளைச் சுற்றிக் காவி வட்டம் போடும்.
முதல் பட்டதாரிச் சலுகை.
வருமானச் சான்று, இருப்பிடச் சான்று,
வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல்.
மாணவர் படைக்கு உயரம் பார்ப்பார்கள்.
எல்லாவற்றுக்கும் கீழே, ஓரம் கிழிந்து,
“வியியல் துறை. காலை எட்டரைக்கு
மழை அளக்க ஒரு மாணவர் தேவை.
மாதம் அறுநூறு.”

விடுதியில் சிரித்தார்கள்.
அளந்து யாருக்கு விற்பார்கள் என்றாள் ஹேமரோஸ்.
எனக்கு அறுநூறு என்பது
சேரம்பாடிக்குப் போய்வரும் பஸ்,
மீதியில், தவணைக்கு ஒரு ஸ்வெட்டர்.

போன வருஷம் அளந்த யாரோ
நோட்டின் அட்டையில் எழுதிவைத்திருந்தார்:
குடுவையைக் கண் மட்டத்துக்குத் தூக்கு.
விளிம்பில் தண்ணீர் ஏறி நிற்கும், நம்பாதே.
நடுவில் குழிந்திருக்கும், அதைப் படி.
அளக்க முடியாத அளவு என்றால்
பூஜ்யம் போடாதே,
‘தடம்’ என்று எழுது.

எழுதினேன். 3.2. 11.4.
தடம். தடம்.
விரல் விறைத்த நாளில் ஐந்து எட்டு மாதிரி விழுந்தது,
அடித்துத் திருத்தினேன்.

ஆகஸ்டில் ஒரு காலை 18.6.
பேனாவை மூடுமுன் போன் வந்தது.
லயத்துக்குப் பின்னால் மண் இறங்கிவிட்டது,
ரேஷன் கடைக்குப் போகும் பாதை இல்லை,
நீ பதறாதே, கோழிகள்தான் போச்சு.
பதிவேட்டைப் பார்த்தேன்.
கையெழுத்து அழகாகவே இருந்தது.
எங்கள் பாதையைத் தூக்கிப்போன மழை
இந்தக் குடுவையில் ஒரு சொட்டும் விழவில்லை.

பலகையில் இல்லாத ஒன்றைக் கேட்க
எட்டு நாள் ஆனது எனக்கு.
ஸ்டோரில் கிடக்கும் பழைய மானியைத் தருவீர்களா?
பெள்ளிராஜ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
இதற்குப் படிவம் கிடையாதே.
வேண்டாத உதவித்தொகைப் படிவம் ஒன்றின்
பின்பக்கத்தில் எழுதிக்கொடுத்தேன்.
திருப்பித் தரும் தேதி என்றார் ஸ்டோர் சகாயநாதன்.
மழை நின்றதும் என்றேன்.
‘நிலுவை’ என்று போட்டுக்கொண்டார்.

நடுவட்டம் தாண்டும்வரை
மடியில் குளிர்ந்துகொண்டே வந்தது புனல்.
அடுப்பா என்றார் கண்டக்டர்.
மழை அளக்கிறது.
அப்போ லக்கேஜ் போடணும்.
காலிப் பாத்திரத்துக்கு என்ன லக்கேஜ்,
பின் சீட்டில் ஒருத்தி சண்டைக்கு வந்தாள்.
சரி, நிறைஞ்சதும் சொல்லு என்று போய்விட்டார்.

அம்மாவுக்கு எழுத்து வராது, எண் வரும்.
இருபத்தாறு வருஷம் கொழுந்துத் தராசின் முள்ளைப் பார்த்து
அரைக் கிலோ குறைத்து எழுதிய கணக்குகளோடு மல்லுக்கு நின்றவள்.
விளிம்பை நம்பாதே என்று சொல்ல வாயெடுத்தேன்,
அவள் அதற்குள் முட்டிபோட்டு
கண்ணை நேர்மட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தாள்.

ஏழு மணிக்கே கூப்பிடுவாள், எட்டரைக்குள் காட்டில் நிற்க வேண்டும்.
நூத்திப் பன்னெண்டு.
குறைச்சு எழுதிடாத.
நேரம் ஒத்துப்போகாததால்
துறைப் பதிவேட்டில் சேராது என்றுவிட்டார் சார்.
அதனால் தனி நோட்டு,
அதனால் தினம் ஒரு துண்டுத் தாள் பலகையில்:
சேரம்பாடி, காலை ஏழு, 112.
அய்யன்கொல்லிப் பையன்கள் நின்று படிக்கிறார்கள்.
ஒருவன் கேட்டான்,
எங்க ஊருக்கும் ஒண்ணு கிடைக்குமா?

டிசம்பரில் ஒருநாள்
ஒண்ணுமில்ல என்றாள்.
அப்புறம், இரு, அடியில ஈரமா இருக்கு.
எழுதினேன்: தடம்.

போன வாரம் கேட்டாள்,
உனக்கு அறுநூறு குடுக்கிறாங்க. எனக்கு?

விடுதிக்குத் திரும்பும் வழியில்
பலகை முன் நின்று
ஒவ்வொரு தாளாகப் படித்தேன்.
குண்டூசிகளை மாற்றியிருக்கிறார்கள்.
எல்லாம் புதுசு.